பதினேழாம் கேள்வி

வின்ஷ்காவ் பள்ளத்தாக்கில் இது என் ஒன்பதாவது பண்ணை.
பதினோரு ஹெக்டேர் ஆப்பிள், மூன்று தலைமுறை,
வாசல் கல்லில் ஒரே குடும்பப் பெயர்.
நாற்பத்திரண்டு கேள்விகளோடு
சமையலறை மேசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

பதினேழு:
போட்டியில் உங்கள் பலம் என்ன?

மண் என்றார் செவெரின்.
பிறகு, இல்லை, பக்கத்துக்காரனுக்கும் இதே மண்தான் என்றார்.
கூட்டுறவுக் கிடங்கு? அதுவும் அவனுக்கு உண்டு.
நாளைக்குச் சொல்கிறேன், இடம் விட்டு வையுங்கள்.
பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த நோட்புர்கா
சிரித்ததுபோல் இருந்தது.
குழாய்ச் சத்தமாகவும் இருக்கலாம்.

இரவு இரண்டே முக்காலுக்கு அலாரம்.
பூஜ்யத்துக்கு மேல் அரை டிகிரி, இறங்கிக்கொண்டே இருக்கிறது.
மரமெல்லாம் பூ.
யாரும் யாரையும் எழுப்பவில்லை.
செவெரின் பம்ப் அறைக்கு.
நோட்புர்கா மேல்வரிசை வால்வுகளுக்கு.
காலையில் பள்ளியில் பின்னம் நடத்த வேண்டிய மருமகள் வெரேனா
இரவு உடைமேல் மழைக்கோட்டோடு
அடைத்துக்கொண்ட தெளிப்பான்களைத்
தட்டித் தட்டித் திறக்கிறாள்.
ஆறு வருடமாகத் தம்பியோடு பேச்சில்லாத கொன்ராட்
– பாகப்பிரிவினை, ஒரு டிராக்டர், நீளமான கதை –
அடுத்த வீட்டிலிருந்து ஏணியோடு வருகிறார்.
இன்றும் பேசவில்லை.
சாத்தினார், ஏறினார்.

என் கையில் டார்ச்சைத் திணித்தது யாரென்று தெரியாது.

பூமேல் விழுந்த தண்ணீர் உறைகிறது.
உறையும்போது துளி சூடு விடுமாம்,
அந்தச் சூட்டில் பூ பிழைக்குமாம்.
பனிக்கட்டிதான் போர்வை.
நடுவில் நிறுத்தினால்
போர்வையே கொன்றுவிடும்.

ஏழேகாலுக்கு வெயில் வந்து
கிளைகள் சொட்டத் தொடங்கின.
ஒவ்வொரு பூவும் கண்ணாடிக்குள் இருந்து
எங்களைப் பார்த்தது.
கீழே, மிலான் கம்பெனி வாங்கிய பண்ணையிலும்
பூ தப்பித்துவிட்டது.
இரவுக்கூலி இரட்டிப்பு, நாலு ஆட்கள்.

காப்பி. மடிக்கணினி.
'குறைந்த தொழிலாளர் செலவு' என்று தட்டுகிறேன்.
தோளுக்குப் பின்னால் நின்று நோட்புர்கா படிக்கிறார்.
குறைந்ததா?
நனைந்த கையுறையைக் கழற்றி
விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைக்கிறார்.
நாலரை மணி நேரம், நாலு பேர்.
மிலான்காரன் என்ன கொடுத்தான் என்று கேட்டு,
அதை நாங்கள் கொடுக்காததாக எழுதுங்கள்.
முப்பத்தோரு வருடமாக நான் கேட்காத கூலிதான்
இந்த வீட்டின் பலம் என்றால்,
அது யாருடைய பலவீனம் என்று
இன்னொரு கட்டம் போடுங்கள்.

செவெரின் ரொட்டியை வெட்டிக்கொண்டே இருந்தார்,
தேவைக்கு மேல் நிறைய துண்டுகள்.

அந்தக் கட்டம் என் படிவத்தில் இல்லை.
பேராசிரியரிடம் கேட்டால்
ஆய்வின் எல்லைக்கு வெளியே என்பார்.
கையுறையிலிருந்து தண்ணீர்
மேசை விளிம்புக்கு ஊர்கிறது.

தலை துவட்டாமலே வெரேனா காரைக் கிளப்புகிறாள்.
கொன்ராட் ஏணியை எடுக்காமல் போயிருக்கிறார்,
மறந்தா, வேண்டுமென்றா,
மூன்றாவது வரிசையில் அது சாய்ந்து நிற்கிறது.
செவெரின் ஜன்னலோரம் நின்று அதையே பார்க்கிறார்.

திருப்பிக் கொடுக்க
யாராவது போக வேண்டும்.