பத்து நாள்

ஸ்வாபியா, 1609

ஆற்றுக்கு இக்கரையில் பழைய நாட்காட்டி,
அக்கரையில் போப்பாண்டவரின் புதியது.
நடுவே பத்து நாள்.
பாலம் என்னவோ முப்பதடிதான்.

வைட் கத்தோலிக்கன்; சிபில்லா லூத்தரன்.
பிறந்த அன்றே
போர்வைக்குள் பொத்தி அக்கரைக்குத் தூக்கிப் போனான்.
ஞானஸ்நானம் தந்த குருவானவர் எழுதினார்:
பிறப்பு, மார்ச் பதினான்கு.

நாலாம் நாள்
பனி உருகிய வெள்ளம்
பாலத்தை அடித்துப் போனது.
இரவில் இருமல் நின்றது,
மூச்சும்.

வேறு வழியில்லை. இக்கரைப் போதகர்
முணுமுணுத்துக்கொண்டே ஆறடியில் பாதி கொடுத்தார்.
அவர் ஏட்டில்:
இறப்பு, மார்ச் ஏழு.

இரண்டு ஏடும் பொய் சொல்லவில்லை.
இரண்டிலும் முதல் வரி
கர்த்தரின் பெயர்.

வைட் விரல்விட்டு எண்ணிக் காட்டினான்.

“அப்படியானால்
அவன் பிறக்க
இன்னும் ஒரு வாரம் இருக்கிறது”
என்றாள் சிபில்லா,
தொட்டிலை எடுக்க விடாமல்.