நிரப்பி அனுப்பவும்

சித்தூர் சர்வே கச்சேரியில் எனக்கு முன்பு வேலை
எல்லைக்கு நிறம் கொடுப்பது.
கொச்சி ராஜ்யம் இளமஞ்சள், மலபார் ரோஜா,
கோயமுத்தூர் ஜில்லா பச்சை.
வாளையாறு வளைகிற இடத்தில்
தூரிகையில் ஈரம் கொஞ்சம் கூடினாலும்
ஒரு கிராமம் அடுத்த சர்க்காருக்குப் போய்விடும்.

இப்போது பறவை.
கல்லச்சில் எடுத்த இருநூறு தாள்,
கறுப்புக் கோடு மட்டும்.
மேலே ஒன்று, துரை தன் கையால் வண்ணமிட்டது.
இதைப் பார்த்து, இதைப் போலவே,
தாளுக்கு அரையணா.
கூடவே ஒரு தகரப் பெட்டி. அதில்
பாஷாணச் சோப்பு வாடையோடு, கண்ணில் பஞ்சோடு
மல்லாந்து கிடந்தது இருவாச்சி.
காலில் கட்டிய சீட்டு:
ஆண். விழி சிவப்பு. நெல்லியாம்பதி, மாசி.

மாதிரியில் கழுத்து வெள்ளை.
பெட்டியிலும் கிட்டத்தட்ட வெள்ளைதான்.
ஆனால் சுற்றி வந்த மல்துணியில்
கழுத்து பட்ட இடமெல்லாம் மஞ்சள்.
எண்ணெய் வைத்த தலை
தலையணையில் விட்டுப்போகுமே, அந்த மாதிரி.

பெட்டியைச் சுமந்து மலையிறங்கியவன் கரிம்பன்.
"மலமுழக்கி தானே பூசிக்கும் சாமீ" என்றான்.
வாலடியில் ஒரு குமிழ். அதில் அலகைத் தேய்த்து
கழுத்துக்கு, சிறகுப் பட்டைக்கு, கொண்டைக்கு,
தினமும்.
"செத்த பிறகு யார் பூசுறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது.
நான் மஞ்சள் குழைப்பது மக்கிப்பாலில்.
மறந்துபோய் நுனியை நாக்கில் கூராக்கினால்
இரண்டு நாள் வயிறு நிற்காது.
அதற்கு அந்தத் தொல்லை இல்லை.

தோலுரித்தபோது தொண்டையில்
பதினேழு அத்திப்பழம் இருந்ததாம்.
எண்ணியவன் அவன்தான்.
ஒன்றுகூட நசுங்கவில்லை.
யாருக்கு என்று கேட்டேன்.

துணியை மடித்தான். பிரித்தான். மறுபடி மடித்தான்.

"பொந்துக்குள்ள பெண்ணு.
வாசலை அடைச்சு, விரல் நுழையற பிளவு மட்டும்.
இறகு உதிர்த்து உட்கார்ந்திருக்கும், பறக்காது.
நாலு நாள் பழம் கொண்டுபோய் நீட்டினேன்.
என் கையில வாங்கல.
அஞ்சாம் நாள் துரை கூடாரத்தை
அடுத்த மலைக்கு மாத்திட்டார்."

பெண்ணுக்கு என்ன கண்?

"வெள்ளை."

கழுத்தை மஞ்சளாக்கினால் கூலி போகும்.
இருநூறிலும் வெள்ளையாகவே விட்டேன்.
விழிக்குச் சாதிலிங்கம், சீட்டில் சொன்னபடி.
மரத்தைத்தான் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை;
மாதிரியிலேயே அவசரமாக இழுத்த ஒரு காவி.
பட்டையின் கணு ஒன்றில் மையால் ஒரு பிளவு கீறி
நடுவில் ஒரு கடுகளவு காகிதத்தைத்
தொடாமல் விட்டேன்.
வெள்ளைக்கு என்னிடம் வேறு சாயம் இல்லை.

ஆடியில் மதராஸிலிருந்து
பதினோரு தாள் திரும்பி வந்தது.
குமாஸ்தாவின் சாய்ந்த எழுத்து:
மரத்தில் வண்ணம் விடுபட்டிருக்கிறது,
நிரப்பி அனுப்பவும்.

நிரப்பினேன்.
அன்று காவி கொஞ்சம் கெட்டியாகக் குழைந்துவிட்டது.
விரலில் ஒட்டி, காய்ந்து, சேறு மாதிரி உதிர்ந்தது.

மற்றவை அதற்குள் கப்பல் ஏறிவிட்டன.