என்ன செய்யுது

“என்ன செய்யுது?” என்றார் டாக்டர்.
எல்லா ஆஸ்பத்திரியிலும் கேட்கிற கேள்விதான்.
தலை செய்யும், இடுப்பு செய்யும்.
பரமகல்யாணி வெகுநேரம் யோசித்து
“ஒண்ணும் செய்யல” என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார்.
அதாம் சார், நாலு மாசமா ஒண்ணுமே செய்யல.
கோலம் போடல, குளிக்கல,
என்கூட ஒரு சண்டைகூடப் போடல.

ஹைகிரவுண்டில் மாடியில் அந்த வார்டு.
வாசலிலேயே ஊக்கு, வளையல் எல்லாம் கழற்றி
நர்சு என் கையில் தந்தார்.
குரலைத் தாழ்த்தித் தாலிக்கயிற்றையும் கேட்டார்.
சரியான சில்லறை நீட்டுகிறவள் போல
இவள் யோசிக்காமல் நீட்டினாள்.
அது என் தோல் பையில் கிடக்கிறது.
டீக்காசு எண்ணும்போது
விரலில் மஞ்சள் ஒட்டுகிறது.

ஏழாம் கட்டில் நூர்ஜமீலா, மேலப்பாளையம்.
தூக்கத்திலும் இரண்டு விரல் பீடி சுருட்டும்.
வயிற்றெரிச்சல் என்று மூன்று வருஷம்
வயிற்றுக்கே வைத்தியம்.
“கொழாய் விட்டுப் பாத்துட்டு
உள்ள சுத்தமா இருக்குன்னுட்டாங்க தம்பி,”
அவள் உம்மா
ஏதோ குற்றம்போலச் சொன்னாள்.

செல்வபுஷ்பம் டீச்சருக்கு இது மூன்றாம் தடவை.
சுவரைப் பார்த்துப் படுத்தபடியே சொன்னார்:
“மாத்திரை ரெண்டு வாரம் ஒண்ணும் காட்டாது, நிறுத்திராதிய.
பொறவு கைகால் மொதல்ல எந்திரிக்கும்,
மனசு பின்னாலதான் எந்திரிக்கும்.
அந்த நடுவுல உள்ள நாளுதான்.
அப்பம் கண்ணை எடுக்காதிய.”
அப்புறம் அன்று முழுக்க அவர் பேசவில்லை.

ராத்திரி ஆம்பளைகள் வெளியே.
வராந்தாவில் பேப்பர் விரித்துப் படுத்து
தூத்துக்குடி வண்டிகளின் ஹாரனை எண்ணுவேன்.

இவளுக்குச் சோறு இறங்கவில்லை. நாற்பது கிலோ.
கரண்டு வைக்கணும், கையெழுத்துப் போடுங்க என்றார்கள்.
“சினிமால பாத்தம்லா லே, வேண்டாம்” என்றான் அண்ணன்.
மயக்க ஊசி போட்டுத்தான் என்றார் டாக்டர்.
போட்டேன். கையெழுத்து
என்னுடையது மாதிரி இல்லை.

நாலாவது தடவை முடிந்து கண் விழித்தவள்
சுற்றிப் பார்த்துக் கேட்டாள்:
“இது எந்த ஸ்டாப்பு?”

பதினாறு வருஷம் தென்காசி ரூட்டில்
ஆளாளுக்குப் பதில் சொன்ன வாய்.
“ஹைகிரவுண்டு” என்றேன் ஒருவழியாக.
“எறங்கணுமா?”
“இல்ல. நீ படு.”

பாவூர்சத்திரத்தில் சாரலாம், போன் வந்தது.
இங்கே ஆனிக் காற்றுதான், ஒரு பொட்டு ஈரமில்லை.

இன்று காலை தானே எழுந்தாள்.
தானே நடந்துபோய்
ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றாள்.
டீச்சர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.
நான் போய் அவள் பக்கத்தில் நின்றேன்,
நெருக்கமாக, நெரிசல் வண்டியில் நிற்பது போல.

“என்ன, மேல வந்து இடிக்கிய?” என்றாள்
கொஞ்சம் எரிச்சலாக.

எரிச்சலாகத்தான்.