நாற்பத்துமூன்றாம் அளவு

ஏரி உறையத் தொடங்கிய வாரம்
வெய்க்கா தன் ஸ்கேட்டுகளை என்னிடம் நீட்டினான்.
"வச்சுக்கோ."
அவன் கால் நாற்பத்துமூன்று. என்னுடையது நாற்பது.

கெமியார்வியில் நவம்பர் மாதம்
யாரும் ஸ்கேட்டைத் தந்துவிடுவதில்லை.
இது எனக்கு உறைக்க
இரவு பதினொன்றாகிவிட்டது.

நாடா கட்டாத ஷூவோடு பனியில் ஓடினேன்.
கதவைத் திறந்தவன் சிரித்தான்,
வகுப்பில் எல்லாருக்கும் சிரிப்பானே, அதே சிரிப்பு.
வழியெல்லாம் வேறு சொற்களைத் தேடியிருந்தேன்.
ஒன்றும் வாய்க்கவில்லை.
"சாகணும்னு நினைக்கிறியா?"
கேட்டே விட்டேன்.

வாய்விட்டுச் சொன்னால்
அந்தச் சொல் வீட்டுக்குள் வந்துவிடுமோ என்று
பயந்திருந்தேன்.
அது முன்பே அங்கேதான் இருந்தது,
அவனோடு தனியாக, பல வாரங்களாய்.

ஃபிரிட்ஜ் உறுமி ஓய்ந்தது.
"ம்" என்றான்.
பிறகு, "யார்கிட்டயும் சொல்லாதே."

சொன்னேன்.
முதியோர் இல்லத்தில் இரவுப் பணியிலிருந்த
அவன் அம்மாவை அழைத்துச் சொன்னேன்.
அவர் வரும்வரை
அடுக்களைத் தரையில் அவனருகே உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி முடியும்வரை
என்னோடு பேசாமல் இருந்தான்.
இருந்தான்.

மார்ச்சில் ஒருநாள் வாசலில் வந்து நின்றான்,
முகத்தில் எரிச்சல்.
"ஸ்கேட்டைக் கொடு.
மொன்னையாக்கி வச்சிருப்பியே?"

தீட்டித்தான் வைத்திருந்தேன்,
யாரும் போடாத அதை,
ஞாயிறுதோறும்.