எடுக்காதே

சஸ்கட்டூனில் மைனஸ் முப்பத்தாறு.
தெரு முழுக்க கார்கள் வயர் செருகிக் கிடக்கின்றன,
ஆஸ்பத்திரி வார்டு மாதிரி.

போன மாதம் கெர்னலில் ஒரு வரியை அழித்தேன்.
ஐம்பது மைக்ரோ விநாடி சும்மா நிற்கச் சொல்லும் வரி.
அதன் தலையில் ஒரு குறிப்பு:
‘ஏன் என்று தெரியவில்லை. எடுக்காதே. ராக்னா, 2004.’
தெரியாததை வைத்துக்கொண்டு என்ன செய்ய?
பெருக்கித் துடைத்தாற்போல் இருந்தது.
என் மேசையில் எல்லாச் சோதனையும் பச்சை.

யார்க்டனிலிருந்து கடிதம்:
கோதுமை லாரி நிறுக்கும் கணினி
விடிகாலையில் எழுவதில்லை.
ஹீட்டர் பக்கம் நகர்த்தினால் எழுகிறது.
இன்றைக்குப் பதினோரு லாரி வரிசையில்.
கடிதத்தில் கோபமில்லை.
அதுதான் உறுத்தியது.

அதே பழைய சிப்பைத் தேடிப் பிடித்து
பால்கனிப் பனியில் வைத்து
கையுறையோடு ராத்திரி முழுக்க
அணைத்தேன், ஏற்றினேன், அணைத்தேன்.
ஐம்பதில், பத்துக்கு ஒன்பது முறை விழித்தது.
எண்பதில் பத்தும்.
குளிரில் அதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும்,
அவ்வளவுதான்.

வரியைத் திரும்ப வைத்தேன். எண்பது.
‘குளிர்’ என்று காரணம் எழுதினேன்.
ராக்னாவின் குறிப்பு இனி தேவையில்லை.
கர்சர் அதன்மேல் நின்று துடித்தது.

எடுக்கவில்லை.
ஏன் என்று தெரியவில்லை.