பதினேழாவது உரிமைக்கோரிக்கை

புதியது என்று வருவதில்
பழையது எங்கே என்று தேடுவது என் வேலை.
ரைஸ்வைக்கில், டிராம் வளைந்து திரும்பும் இடத்தில்,
நான்காம் மாடி. ஜன்னலுக்கு வெளியே
நெதர்லாந்தின் வழக்கமான சாம்பல் வானம்.
அதற்கு மட்டும் இதுவரை யாரும்
காப்புரிமை கேட்டதில்லை.

இன்று வந்த விண்ணப்பம்:
'ஒரு பொருளைத் தட்டி, எழும் ஒலியைக் கொண்டு
உள்ளே வெற்றிடம் உண்டா என அறியும் முறை.'
நாற்பத்தொரு உரிமைக்கோரிக்கைகள்.
ஒவ்வொன்றும் முந்தையதைவிட
ஒரு முழம் தள்ளி நட்ட வேலிக்கால்.
முதலாவதில் பொருள் உலோகம்.
ஒன்பதாவதில் மரம், கான்கிரீட், எலும்பு.
பதினேழாவதில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்:
'மேற்சொன்ன பொருள் ஒரு பழமாக இருக்கும்பட்சத்தில்.'
எதிர்மேசை ஸ்யூர்ட் நிமிர்ந்து பார்த்தான்.
"நமக்கே காது குத்துகிறார்கள்" என்றேன்.

தேடினேன்.

யூட்லாந்துக் கரையில் தோர்கில் என்று ஒருவன்.
காற்றாலையின் தாங்குருளை விரிசல் விடுமுன்
முனகும் முனகலைக் கேட்க ஒரு நிரல் எழுதி
அப்படியே திறந்து வைத்திருக்கிறான்.
எடுத்துக்கொள், மாற்று, விற்றாலும் விற்றுக்கொள்,
நீ நுழைந்த கதவை
உனக்குப் பின் சாத்தாதே.
இவ்வளவுதான் நிபந்தனை.

அந்தக் கதவு வழியே
எமிலியாவின் பாலாடைக்கட்டிக் கிடங்கிலிருந்து
ஓரியானா பொனாச்சினி வந்திருக்கிறாள்.
நாற்பது கிலோ வட்டுகள், கூரைவரை அடுக்கு.
சிறு சுத்தியலால் தட்டி
உள்ளே பொள்ளல் உண்டா என்று சொல்ல
அங்கே சம்பளத்துக்கு ஆள் உண்டு.
அவர்கள் காதை இயந்திரத்துக்குக் கடன் கேட்டாள்.
மாற்றக் குறிப்பில் அவள் எழுதியது:

'மார்ச் 3. வட்டு 2216. இயந்திரம் நன்று என்றது.
எர்மெத்தே பொள்ளல் என்றார். அறுத்தோம்.
பொள்ளல்.
காற்றிரைச்சலைக் கழிக்கும் வரியை நீக்கிவிட்டேன்.
இங்கே காற்றே இல்லை, தோர்கில்.'

கீழே தோர்கில்:
'சரிதான். கடலைப் பார்த்துக்கொண்டே எழுதிவிட்டேன்.'

அதற்கும் கீழே, போர்ட்டோவிலிருந்து,
நுரையீரல் மருத்துவர் ஒருவர்; பெயரிடத்தில் ஜெ. மட்டும்:
'அந்த வரி போனதும் என் நோயாளிகளின் மார்பு
தெளிவாகக் கேட்கிறது. ஒன்றை மட்டும் திருப்பிப் போட்டேன்.
உங்களுக்கு வெற்றிடம் பிழை.
எனக்கு வெற்றொலிதான் ஆரோக்கியம்,
மந்தமாய் ஒலித்தால் நீர் கோத்திருக்கிறது.'

மூவரும் ஒருவரையொருவர் பார்த்ததாகத்
தெரியவில்லை.

விண்ணப்பம் பதிவான நாளுக்குப்
பதினொரு மாதம் முந்தியது அந்த மார்ச்.
என் அறிக்கையில் ஒரே எழுத்து போதும்: எக்ஸ்.
புதுமையைக் கொல்லும் எழுத்து.
முதல் இருபத்தொன்றுக்கும் போட்டேன்.

இருபத்திரண்டில் கை நின்றது.
அங்கே ஒரு உணரி, சுண்டுவிரல் நகமளவு,
வரைபடத்திலேயே அழகு. உண்மையிலேயே புதிது.
அதற்கு எதிராக உலகில் எதுவும் கிடைக்கவில்லை.
கிடைக்கவில்லை என்றே எழுதினேன்.
பதினாறு பொறியாளர், ஐந்து குளிர்காலம், வங்கிக் கடன்;
அந்த நகத்துக்கு வேலி கேட்பதைத்
தவறென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிறகுதான் கண்டுபிடிப்பாளர் பெயர்களைப் பார்த்தேன்.
மூன்றாவது: தோர்கில் லிண்ட்ஹோல்ட்.

மீண்டும் படித்தேன்.
கதவைச் சாத்தாதே என்றவன்
சாவிக்கொத்தோடு நிற்கிறான்.
வீட்டுத் தவணையா, வேலை ஒப்பந்தத்தின் ஏழாம் பக்கமா,
அல்லது சும்மா களைத்துப்போனானா.
அதை நிரப்ப என் படிவத்தில் கட்டம் இல்லை.
அவன் அன்று கொடுத்தது
இன்று அவனையே மறிக்கிறது.
கொடுத்தது கொடுத்ததுதான், தோர்கில்.
இதை மட்டும் கோப்புக்கு வெளியே சொல்கிறேன்.

சனிக்கிழமை ஹேக் சந்தையில்
தர்பூசணிக் குவியலின் முன் பெக்தாஷ்.
ஒன்றை இடது உள்ளங்கையில் ஏந்தி
வலது நடுவிரலால் இரண்டு தட்டு.
தலையைச் சாய்த்துக் கேட்டார். திரும்ப வைத்தார்.
அடுத்தது. இரண்டு தட்டு. என்னிடம் நீட்டினார்.

"பதினேழு" என்று முணுமுணுத்தேன்.

"யார் சொன்னது?" என்றார். "ஐந்து யூரோதான்."