அசிரியாக்கா

ஃபஹாஹீல், நாலாம் மாடி, ஃப்ரிட்ஜின் கீழறை.
இட்லி மாவுக்கும் ஈரப் பேரீச்சைக்கும் நடுவே
காகிதப் பையில் ஏழு கிழங்குகள்
பனிக்காலம் பயின்றுகொண்டிருந்தன.
பையின் மேல் எழுதி ஒட்டியிருந்தேன்:
பூண்டு அல்ல. நஞ்சு. தொடாதே.

செர்வான் கொடுத்தது. சுலைமானியாக்காரன்,
கம்ப்ரஸர் பிரிவில் என்னோடு இரவுப் பணி.
விடுப்பில் போனவன் ஒரு கடையில் வாங்கி
காலுறைக்குள் சுருட்டிக் கொண்டுவந்தான்.
சீட்டில் பெயர் இருந்தது:
ஃப்ரிட்டில்லேரியா அசிரியாக்கா.
வாசித்ததும் பேச்சிமுத்து கேட்டான்,
"எந்த ஊரு அக்கா?"
அன்றிலிருந்து அறை முழுக்க அதே விசாரிப்பு.
அக்கா எந்திரிச்சாச்சா.
அக்காவுக்குத் தண்ணி வச்சியா.

நான் வால்வுகளுக்குப் பெயரிடுகிறவன்.
சுத்திகரிப்பு ஆலையில் பதினொரு வருடமாக
எஃகுத் தகட்டில் எழுத்தெழுத்தாய் அடித்துக்
கம்பியில் கோத்துக் கட்டுவது வேலை.
ஒரு எண் மாறினால்
திறக்கக் கூடாதது திறக்கும்.
ஒருமுறை திறந்தது.
அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.
எனவே தொட்டிக்கும் ஒரு தகடு அடித்தேன்,
ஒரு எழுத்தும் விடாமல்.

மாசிக் கடைசியில்
டிஷ் ஆன்டெனாக்களின் நிழலில்
ஒரே ஒரு தண்டு பூவிட்டது.
தலைகுனிந்த மணி, சுண்டுவிரல் நுனியளவு.
கத்தரிக்காய்த் தோலின் நிறம்,
அதன்மேல் திராட்சையில் படிவதுபோல் ஒரு சாம்பல்,
விளிம்பு வெளியே மடிந்து
மஞ்சள்.

மஞ்சளில்தான் எனக்கு இடறியது.
இலையும் சரியில்லை. அசிரியாக்கா என்றால்
ஒடுங்கி, சாம்பல் பூத்து இருக்கவேண்டும்.
இதுவோ எண்ணெய் தடவிய பச்சை.

பூவை நிமிர்த்தினால் காம்பு முறியும்.
குழாய்க்கு அடியில் வெல்டிங் பார்க்கும்
நீண்ட பிடி வட்டக் கண்ணாடியைக்
கீழே நுழைத்துப் பிடித்தேன்.
ஆறு இதழ், ஆறு தேன்குழி,
நடுவில் பிளவுபடாத சூல்தண்டு,
ஓரத்தில்
இரவுப் பணி முடிந்த என் கண் ஒன்று.

நரித்திராட்சை.
உவா வல்பிஸ் என்று லத்தீனில்.
வியாபாரிகளிடம் வெகுநாளாய்
அசிரியாக்கா பெயரில் விலைபோகிறது.
எட்டாத பழம் புளிக்கும் என்ற நரிக்கு
முழங்கால் உயரத்தில் ஒரு பழம்.

செர்வானை அழைத்தேன். சிரித்தான்.
"இதுவா? கோதுமைக்குள் களை.
உழும்போது கலப்பையில் வந்து மாட்டும்.
அப்பா அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்."
என்ன பெயர் என்றேன்.
பெண்கள் இருக்கும் வீட்டில்
அதைச் சொல்ல முடியாது என்றான்.

எஃகில் அடித்தது அழியாது.
தகட்டைத் திருப்பிப் போட்டு
பின்பக்கம் புதுப்பெயரை அடித்தேன்.
அடிக்க அடிக்க முன்பக்கத்து எழுத்துகள்
கொஞ்சம் நசுங்கின.
கடைசியில் ஒரு கேள்விக்குறி போட நினைத்து
அச்சுப் பெட்டியைக் கிளறினேன்.
கேள்விக்குறி அதில் கிடையாது.
பதினொரு வருடத்தில் தேவைப்பட்டதில்லை.

சாயங்காலம் பேச்சிமுத்து மாடிக்கு வந்தான்,
லுங்கியை மடித்துக் கட்டிக் குனிந்து பார்த்தான்,
"அக்கா வந்தாச்சு டோய்!" என்று
மூன்று மாடிக்கும் கேட்கக் கத்தினான்.
திருத்த வாயெடுத்தேன்.
அதற்குள் படியில் செருப்புச் சத்தம்.

மிச்ச ஆறும் இலையோடு நிற்கின்றன.
அவை தகட்டின் எந்தப் பக்கம் என்று தெரிய
அடுத்த மாசி வரவேண்டும்.
என் இக்காமா
ஆனி வரைக்கும்தான்.